புதுப்பிப்பு: சென்னையா, கோவையா? முடிவெடுத்துவிட்டேன்

ஆறு மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் கணக்கு, ஜிஎஸ்டி வேலை எடுத்துச் செய்யப்போகிறேன், சென்னையிலேயே இருக்கட்டுமா, கோவைக்குப் போகட்டுமா என்று. கோவைக்கே வந்துவிட்டேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வாடகைக்காக வரவில்லை. திருப்பூர் பக்கத்தில் இருக்கிறது, அதுதான் காரணம். ஏற்றுமதிக்குக் கட்டிய ஜிஎஸ்டி ரீஃபண்டாகத் திரும்பி வந்தால்தான் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு அடுத்த லோடு நூல் வாங்கக் காசு. போன மாதம் ஒருவர் மஞ்சப்பையோடு வந்து ஷிப்பிங் பில்களை (ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஆவணங்கள்) மேசையில் கொட்டினார். விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் இருந்த இன்வாய்ஸ் எண்ணும் ஷிப்பிங் பில்லில் இருந்ததும் ஒரே ஒரு இலக்கத்தில் மாறியிருந்தன. பணம் நின்றது அதனால்தான். சொன்னதும் மனுசன் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். இந்த வேலையை விட எனக்கு மனசே வராது.

கஷ்டமும் உண்டு. மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன்களுக்குக் கடைசி நாளான 11, 20 தேதிகளை ஒட்டித் தூக்கம் கிடையாது. ஓர் இடத்தில் மூன்று மாத ஃபீஸ் இன்னும் பாக்கி. தனியாக இறங்குபவர்கள் முதல் நாளே உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்துவிடுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நான் உத்யம் பதிவைத் தாமதமாகத்தான் செய்தேன்.

சென்னை வாடிக்கையாளர்கள் இருவரை விடவில்லை. அவர்கள் வேலை லேப்டாப்பிலேயே முடிந்துவிடுகிறது.