எத்தனாவது ஆளு தம்பி நீ?

கடலோரத்தான்:
2005 ஜனவரி, சுனாமி வந்த மறுமாதம். நாகையில், அக்கரைப்பேட்டைக்காரர்கள் தங்கியிருந்த ஒரு முகாமுக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். இரண்டு நாள் பயிற்சி, கையில் ஒரு கேள்வித்தாள். பேசி அழுதுவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பிய வயது. ஒரு அம்மாவிடம், "அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சும்மா?" என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தார். "எத்தனாவது ஆளு தம்பி நீ? இப்பத்தான் ரெண்டு பேரு எழுதிக்கிட்டுப் போனாங்க."

தாளை மடித்துப் பையில் வைத்தேன். அவருடைய ரேஷன் கார்டு கடலோடு போயிருந்தது. அதற்கு மனு எழுதிக் கொடுத்து, மறுநாள் வரிசையிலும் கூட நின்றேன். மூன்றாம் நாள், நான் கேட்காமலே மகனைப் பற்றிச் சொன்னார். அவன் போன கதையை அல்ல. மத்தி மீனில் ஒரு முள் விடாமல் எப்படி எடுப்பான் என்பதை.

தஞ்சை வாசி:
அந்தக் கேள்வித்தாள் சாகவில்லை அண்ணா. 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பக்கம் போனபோது என்னிடமும் ஒன்று கொடுத்தார்கள். வீட்டில் இறப்பு உண்டா, காயம் உண்டா? ஒரு பெரியவர் இரண்டுக்கும் இல்லை என்றார். சரி என்று அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன். கூட வந்த கிராம செவிலியர் அக்காதான் நிறுத்தினார். கொல்லையில் தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்தது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடமாகும். அவருக்கு எழுபது வயது. அக்கா மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் இருந்த பூச்சிமருந்தையெல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேடு 'பார், காதுகொடுத்துக் கேள், உதவியோடு இணை' என்கிறது. நான் முதல் சொல்லையே தாண்டிப் போயிருக்கிறேன்.

பயிற்சியாளர்:
நடந்ததை ஒரே அமர்வில் சொல்ல வைக்கும் முறையை நாங்கள் விட்டுவிட்டோம். அது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது. இப்போது வகுப்பில், அழுவதுபோல் நடிப்பவர் முன்னால் இரண்டு நிமிடம் சும்மா உட்காரச் சொல்கிறேன். பாதிப் பேர் முதல் நிமிடத்திலேயே "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள், அடுத்தவருக்குக் கொடுக்க. தனக்கென்று யாரும் நினைப்பதில்லை.

கடலோரத்தான்:
உண்மை. உடல்களை எடுத்துப் புதைத்த துப்புரவுப் பணியாளர்கள் அந்த முகாமுக்குப் பக்கத்தில்தான் தங்கியிருந்தார்கள். நான் இருந்த மூன்று வாரத்தில் அவர்களிடம் கேள்வித்தாளோடுகூட யாரும் போகவில்லை. நானும்தான்.