பாம்பு தண்ணிக் கோப்பையை விட்டு வெளிய வரவே மாட்டேங்குது, என்ன காரணமா இருக்கும்?

டிக்கோயா_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். மாமா மகன் கொழும்புல வளர்த்த போல் பைதன் ஒண்ணு, அவன் டுபாய்க்கு வேலைக்குப் போறப்ப என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். மூணு வயசு, மூணரை அடி இருக்கும். நம்ம காட்டு மலைப்பாம்பு இல்லங்க, ஆப்பிரிக்கா சாதி, அதனால யாரும் வந்து சட்டம் பேசிறாதீங்க. வந்து அஞ்சு மாசம் ஒரு தொந்தரவும் இல்லை, பத்துப் பன்னெண்டு நாளைக்கு ஒரு எலி, தின்னுட்டு சட்டிக்குள்ள போய் சுருண்டுக்கும், அவ்வளவுதான்.

இப்ப பதினோரு நாளா தண்ணிக் கோப்பைக்குள்ளயே கிடக்கு. காலைல பார்த்தாலும் தண்ணிக்குள்ள, வேலை முடிஞ்சு ராத்திரி வந்து பார்த்தாலும் தண்ணிக்குள்ள, மூக்கு மட்டும் மேல தெரியும். போன வாரம் போட்ட எலியையும் தொடல. இங்க டிக்கோயா மலையில தை மாசக் குளிரு உங்களுக்குத் தெரியும்தானே, ராத்திரி 12 டிகிரிக்கு இறங்குது, விடியக்காலைல ஜன்னல் கண்ணாடி முழுக்க தண்ணி வடியுது, வாசல்ல நின்னா எதிர் லயத்து வீடு தெரியாத அளவுக்கு மிஸ்ட், இதுல தண்ணிக்குள்ள போய்ப் படுக்க அதுக்கு என்ன வேண்டுதல்னு தெரியல. குளிர்ல விறைச்சுப் போயிருமோன்னு பயமா இருக்கு. அம்மா வேற, முப்பது வருஷம் மலையில தேயிலைக்கு அடியில பார்த்த பாம்பு போதாதான்னு தினம் ஒரு பாட்டு. அது செத்தா அம்மாவுக்கு நிம்மதி, எனக்குத்தான் டுபாய்ல இருந்து அடி வரும்.

பெட்டி மூணடிக்கு ஒன்றரை அடி கண்ணாடிப் பெட்டி, மேல கம்பி வலை மூடி, அடியில பேப்பர் விரிச்சிருக்கேன், ஒரு பக்கம் பல்ப், ஒளியிறதுக்கு கவுத்து வச்ச மண்சட்டி ஒண்ணு. வேற என்ன விவரம் வேணும்னாலும் கேளுங்க சொல்றேன்.

பதுளைக்காரி:
தம்பி, தண்ணியை விட்டு வரலன்னா நான் மொதல்ல பார்க்கிறது செல்லுதான். பாம்புச் செல்லு, மைட்னு சொல்றது. கசகசா அளவுதான் இருக்கும், கறுப்பா. செதில் இடுக்குல உக்காந்து ரத்தம் குடிக்கும், அரிப்புத் தாங்காம பாம்பு தண்ணிக்குள்ள போய் முங்கிக்கும். கண்ணைச் சுத்தி இருக்கிற வரம்பு, தாடைக்கு அடியில உள்ள மடிப்பு, இந்த ரெண்டு இடத்தையும் டோர்ச் அடிச்சுப் பாருங்க. அப்புறம் வெள்ளை டிஷ்யூவை நனைச்சு தலையில இருந்து வால் வரைக்கும் மெதுவா இழுங்க. கோப்பைத் தண்ணியை ஒரு வெள்ளை பேசன்ல ஊத்தியும் பாருங்க, மிளகுத் தூள் தூவின மாதிரி அடியில கிடந்தா அது செத்த செல்லு. டிஷ்யூல கறுப்புப் புள்ளி வந்தா நகத்தால நசுக்கணும், சிவப்பா இழுபட்டா செல்லு, இல்லன்னா வெறும் அழுக்கு.

இன்னொண்ணு, கண்ணு பால் மாதிரி வெளுத்துப் போயிருக்கா? சட்டை கழட்டப் போற நேரத்துலயும் தண்ணியைத் தேடும், சாப்பாட்டையும் ஒதுக்கும். ஆனா அது ஒரு வாரம் பத்து நாள் கதை, முழு நாளும் இப்படி ஊறிக்கிட்டே கிடக்காது.

சும்மா_வந்தவன்:
செல்லுன்னா மண்ணெண்ணெய் கொஞ்சம் தடவி விடுங்க ப்ரோ. எங்க நாய்க்கு உண்ணி வந்தப்ப அதான் செஞ்சோம், ஒரே நாள்ல போச்சு.

பதுளைக்காரி:
தயவுசெஞ்சு யாரும் இதைச் செய்யாதீங்க. நாய்க்கே அது தப்பு. மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், நுளம்புக்கு அடிக்கிற ஸ்ப்ரே, கடையில விக்கிற உண்ணிப் பவுடர் ஒண்ணும் கிட்ட போகக் கூடாது, பாம்பு அந்த மூடின பெட்டிக்குள்ளயே அந்தக் காத்தைத்தான் இழுக்கணும். நிஜமாவே செல்லு இருந்தா பேராதனை மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, மருந்து அளவு நிறை பார்த்துத்தான் குடுப்பாங்க. தண்ணியில ஊறப் போட்டா செல்லு செத்துரும்னு நினைக்கிறதும் பாதிதான் சரி, உடம்புல உள்ளது மூழ்கும், தலைக்கு ஏறினது தப்பிச்சுக்கும், முட்டை பாம்பு மேல இல்ல, பெட்டி மூலையிலயும் மரக்கட்டை வெடிப்புலயும்தான் இருக்கும்.

கம்பளை_ராஸ்:
சட்டம் பேசாதீங்கன்னு சொல்லிட்டீங்க, ரெண்டே வரி பேசிட்டு விட்டுர்றேன். நம்ம மலைப்பாம்பை வீட்ல வைக்கிறது 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள் கட்டளைச் சட்டப்படி குத்தம், அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. போல் பைதன் வெளிநாட்டுப் பாம்புன்னாலும் சைடிஸ்னு சொல்ற வனவிலங்கு வியாபார சர்வதேச ஒப்பந்தத்துல இரண்டாம் அட்டவணையில இருக்கு, நாடு விட்டு நாடு வரணும்னா பேப்பர் வேணும். மாமா மகன்கிட்ட அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கி வச்சுக்குங்க. அலுத்துப் போச்சுன்னு ஒருநாளும் காட்டுல கொண்டு போய் விட்டுறாதீங்க. முடிஞ்சுது.

இனி விஷயத்துக்கு வாரேன். பல்ப் எத்தனை வாட்? சூட்டை ஒரு அளவுல நிறுத்துற தெர்மோஸ்டாட் இருக்கா? பல்புக்கு நேர் கீழ தரையில எத்தனை டிகிரி, எதிர்ப் பக்கம் எத்தனை டிகிரி? கண்ணாடியில ஒட்டுற வட்ட மீட்டரை நம்பாதீங்க, பாம்பு படுக்கிற தரையில வச்சுப் பாருங்க. இந்தப் பாம்புக்கு சூட்டுப் பக்கம் 31, 32 இருந்தா போதும், ஆறுதல் பக்கம், அதாவது சூடு குறைஞ்ச பக்கம், 25, 26. அந்த ஆறுதல் பக்கம் இல்லாமப் போச்சுன்னா அதுக்குப் போக்கிடம் தண்ணிக் கோப்பை மட்டும்தான்.

டிக்கோயா_பையன்:
அக்கா சொன்ன மாதிரியே டிஷ்யூ போட்டு இழுத்தேன், கறுப்பா வந்துச்சு பாருங்க, எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. நசுக்கிப் பார்த்தா சிவப்பு ஒண்ணுமில்ல, சாம்பல் கலர்ல பரவுது. அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு, அது அடியில விரிச்ச பத்திரிகையோட மை, ஈர உடம்போட அதுல பொரண்டிருக்கு. தாடை மடிப்பு, கண் வரம்பு எல்லாம் சுத்தம், தண்ணியை பேசன்ல ஊத்தியும் பார்த்தாச்சு, ஒண்ணுமில்ல. கண்ணும் தெளிவாத்தான் இருக்கு.

ராஸ் அண்ணே, பல்ப் 60 வாட்தான் இருந்துச்சு, பொங்கல் முடிஞ்ச கையோட குளிரு கூடிருச்சேன்னு 100 வாட் மாத்தினேன். தெர்மோஸ்டாட் எல்லாம் இல்ல. இப்ப நீங்க கேட்டப்பதான் நாளைக் கணக்குப் பார்க்கிறேன், பல்ப் மாத்தி பதிமூணு நாள். வேலையிடத்துல இருந்து தேமாமீட்டர் எடுத்துட்டு வந்து வச்சேன், பல்புக்குக் கீழ தரையில 39, ஆறுதல் பக்கத்துல 30. ஐயோ சாமி. ஆனா காத்து வறண்டு போயிருக்கும்னு மட்டும் சொல்லிறாதீங்க, இங்க துணி காயவே மூணு நாளாகுது.

பழைய_டீமேக்கர்:
தம்பி, எனக்குப் பாம்பு வளர்ப்பு தெரியாது, பாம்புன்னா பத்தடி தள்ளி நிக்கிற ஆளு நான். ஆனா கடைசியா ஒரு வரி எழுதினீங்களே, அதுக்குப் பதில் சொல்லாம போக முடியல. முப்பத்திரண்டு வருஷம் தேயிலை பெக்டரியில இருந்தவன் சொல்றேன், வெளியில மிஸ்ட் நின்னா உள்ளுக்குள்ள காத்து ஈரம்னு நினைக்கிறது தப்பு.

மழைக் காலத்துல கொழுந்து எப்படி வாடுதுன்னு யோசிச்சுப் பாருங்க. பச்சைக் கொழுந்து 100 கிலோவுல 75, 80 கிலோ தண்ணிதான். வெளியில ஒரே தூத்தல், காத்து ஈரத்துல நிறைஞ்சு நிக்குது, அந்தக் காத்தை அப்படியே ஊதினா கொழுந்து விடிய விடிய பச்சையாவே கிடக்கும். அதனால சூட்டுக் காத்துக் கலந்து ஊதுறோம். தண்ணியை யாரும் காத்துல இருந்து எடுத்து வெளிய ஊத்தல, சூடு மட்டும் ஏறுது. சூடு ஏறினா காத்தோட வயிறு பெருசாகும், உள்ள இருக்கிற ஈரம் அதே அளவுதான், அப்ப அது இன்னும் குடு குடுன்னு கொழுந்துல இருந்து உறிஞ்சும். உங்க பெட்டிக்குள்ள கொழுந்துக்குப் பதிலா பாம்பு, அவ்வளவுதான்.

கணக்காவும் சொல்றேன். 12 டிகிரியில 95 வீத ஈரத்தோட இருக்கிற மிஸ்ட் காத்தை அப்படியே 30 டிகிரிக்கு சூடாக்கினா அது 31, 32 வீதத்துக்கு வந்து நிக்கும். பங்குனி வெயில்ல கூட டிக்கோயாவுல அப்படி ஒரு வறட்சி பார்த்திருக்க மாட்டீங்க. உங்க மூடி கம்பி வலை வேற, சூட்டுக் காத்து மேலால போகப் போக அந்த இடத்துக்கு வெளிக் குளிர் காத்து வந்து அதுவும் சூடாகி வறண்டுக்கிட்டே இருக்கும்.

நம்பலன்னா மீட்டர் வாங்க ஓடாதீங்க. ஒரே மாதிரி ரெண்டு தேமாமீட்டர் எடுங்க, ஒண்ணோட குண்டுல பழைய லாம்புத் திரித் துணியைச் சுத்தி நுனியைச் சின்ன மூடித் தண்ணியில விடுங்க, விசிறி மட்டையால கொஞ்சம் காத்து வீசிட்டு ரெண்டையும் படிங்க. துணி சுத்தாதது ட்ரை பல்ப், ஈரத் துணி சுத்தினது வெட் பல்ப். ட்ரை பல்ப் 30 காட்டி வெட் பல்ப் 24 காட்டினா ஈரம் 60 வீதம் பக்கம். வெட் பல்ப் 20க்கு இறங்கினா 40க்கும் கீழ. பாம்பை வெளிய எடுத்துட்டு வீசுங்க, அது விசிறியைக் கடிச்சா நான் பொறுப்பில்ல.

டிக்கோயா_பையன்:
ஐயா கும்பிடுறேன். ஆறுதல் பக்கத்துல வச்சுப் பார்த்தேன், ட்ரை 30, வெட் சரியா 20. அதுவும் கோப்பையில தண்ணி இருக்கிறப்பவே. அதே நேரம் ஜன்னல்ல தண்ணி வழிஞ்சுக்கிட்டு இருக்கு. அம்மாகிட்ட காட்டினேன், "வாட்டுற தட்டுல போட்ட மாதிரி போட்டு வச்சிருக்கியேடா"ன்னுச்சு. இப்ப நான் என்ன செய்யணும், தினம் தண்ணி தெளிச்சா சரி வருமா?

கம்பளை_ராஸ்:
தெளிக்கிறது அரை மணி நேரத்துக்குத்தான், 39 டிகிரியில அதுக்கும் குறைவு. மொதல்ல 100 வாட்டைக் கழட்டுங்க, இன்னைக்கே. தெர்மோஸ்டாட் ஒண்ணு எப்படியாவது எடுங்க, அது இல்லாம எந்த பல்பும் எந்த ஹீட் மேட்டும் பாம்புக்குப் பக்கத்துல போடக் கூடாது, வயிறு வெந்து போனாலும் அது நகராமக் கிடக்கும். ராத்திரிக்கு வெளிச்சம் வராத செரமிக் ஹீட்டர் நல்லது. குளிரு தாங்கலன்னா வாட் ஏத்தாதீங்க, பெட்டியோட முதுகுப் பக்கமும் ரெண்டு ஓரமும் வெளியில ரெஜிபோம் (தெர்மாகோல்) ஒட்டுங்க, சூடு நிக்கும், கரண்ட் போனாலும் ஒரு மணி ரெண்டு மணி நேரம் தாங்கும். வலை மூடியில முக்கால்வாசியை அலுமினியத் தாளால மூடிருங்க, பல்புக்குக் கிட்ட விடாம.

பதுளைக்காரி:
பேப்பரை எடுத்துட்டு தென்னந்தும்புத் தூள் போடுங்க, ரெண்டு இஞ்சி கனத்துக்கு. கையில அள்ளிப் பிடிச்சா உருண்டை பிடிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. சொதசொதன்னு வச்சா வயித்துச் செதில்ல கொப்புளம் வந்து அழுகும், அது இதைவிடப் பெரிய தலைவலி.

அப்புறம் ஒரு ஈரக் கூடு வைங்க. ஐஸ்கிரீம் டப்பா மூடியோட எடுத்து பக்கத்துல பாம்பு நுழையிற அளவுக்கு ஓட்டை போட்டு ஓரத்தை நெருப்புல காட்டி மழுக்கிட்டு, உள்ள ஈரப் பாசி வச்சு, சூட்டுப் பக்கத்துக்கும் ஆறுதல் பக்கத்துக்கும் நடுவுல வச்சிருங்க. நம்ம ஊர்ல பாசிக்கா பஞ்சம், ஆனா தேயிலை மலையில இருந்து மட்டும் எடுக்காதீங்க, புல்லுக்கு அடிச்ச மருந்து அதுல இருக்கும். ஆப்பிரிக்காவுல இது பகல் முழுக்க எலி வளைக்குள்ளயும் கறையான் புத்துக்குள்ளயும் கிடக்கிற சாதி, இருட்டா இடுக்கா ஈரமா ஒரு இடம் கிடைச்சா கோப்பையை விட்டுரும். கோப்பையை எடுத்துறாதீங்க, அது வெறும் அடையாளம், கோப்பை மேல தப்பில்ல. பைப் தண்ணியை அப்படியே ஐஸ் மாதிரி ஊத்தாம கொஞ்சம் விளாவி ஊத்துங்க.

மூச்சு விடுறப்ப கீச்சு கீச்சுன்னு சத்தம், மூக்குல நுரை, வாயைத் திறந்துக்கிட்டு தலையை மேல தூக்குறது, இதுல எது இருந்தாலும் இங்க கேட்டுக்கிட்டு இருக்காம டொக்டர்கிட்ட ஓடுங்க.

டிக்கோயா_பையன்:
மூணு வாரம் கழிச்சு வாரேன், மன்னிச்சிருங்க, மாஸ்டர் லீவுல போனதால ரெண்டு ஆள் வேலை. பல்ப் மாத்தின நாலாம் நாள் ராத்திரி கோப்பை காலி, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஓடிருச்சுன்னு நினைச்சு கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடிட்டுப் பார்த்தா ஐஸ்கிரீம் டப்பா ஓட்டையில மூக்கு. இப்ப பல்புக்குக் கீழ 32, அந்தப் பக்கம் 26, ஐயாவோட லாம்புத் திரிக் கணக்குப்படி ஈரம் 60க்குப் பக்கத்துல. ஒரு வாரம் கண்ணு வெளுத்து இருந்துச்சு, அப்புறம் தெளிஞ்சு, நேத்து ராத்திரி சட்டை கழட்டிருச்சு, ஒரே துண்டா, காலுறையை உள்புறமா கழட்டிப் போட்ட மாதிரி. வால் நுனியில மட்டும் அரை இஞ்சி பழசு ஒட்டிக்கிட்டு இருக்கு, இழுத்து எடுத்துறலாமா?

பதுளைக்காரி:
இழுக்காதீங்க! வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துவாயை முறுக்கிப் பிழிஞ்சு கையில பிடிச்சுக்கிட்டு அதுக்குள்ளால பாம்பை நாலஞ்சு தரம் ஊர விடுங்க, தானா வந்துரும். அப்படியே விட்டா காய்ஞ்சு மோதிரம் மாதிரி இறுக்கி வால் நுனிக்கு ரத்தம் போகாமப் போயிரும், அதனால நாளைக்குள்ள எடுத்துருங்க. கழட்டின சட்டையோட தலைப் பக்கத்தை லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, ரெண்டு கண்ணு மேலயும் இருந்த கண்ணாடி மாதிரி மூடியும் அதுலயே இருக்கா?

டிக்கோயா_பையன்:
இருக்கு அக்கா, ரெண்டும் இருக்கு, சின்ன லென்ஸ் மாதிரி. துவாய்க்கு அம்மாவோடதைக் கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்க, என் துவாயிலதான்.

பழைய_டீமேக்கர்:
தம்பி, வெட் பல்ப் திரியை வாரம் ஒருக்கா மாத்துங்க, அழுக்கு ஏறினா தப்பாக் காட்டும்.