சொன்ன சொல் தவறாத கொலைகாரி: லாஃபுலா, கேயாட்டிக்கா?

பகடைப்பித்தன்:
எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) குழுவில் ஒரு தகராறு தீரவே மாட்டேன் என்கிறது, நீங்களாவது சொல்லுங்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஆடுகிறோம். நண்பர் ஒருவரின் பாத்திரம் நிழலி, கூலிக்குக் கொலை செய்கிற ரோக் (மறைந்து தாக்கும் கள்ளர் வகுப்பு). ஆனால் ஏற்றுக்கொண்ட பெயரைத் தவிர வேறு யார் மீதும் அவள் கத்தி படாது. காவலாளியைக்கூட மயக்கமடையச் செய்துவிட்டுத்தான் கடந்து போவாள், மாட்டிக்கொண்ட ஆள் இரண்டு மடங்கு தருகிறேன் என்று கெஞ்சினாலும் கட்சி மாறமாட்டாள். அரசன் போட்ட சட்டத்தை மட்டும் துளியும் மதிப்பதில்லை. பாத்திரத்தின் குணத்தை அலைன்மென்ட் என்று இரண்டு சொல்லில் எழுதுவோம்: ஒழுங்குக்கு லாஃபுல், நியூட்ரல், கேயாட்டிக்கில் ஒன்று, நல்லது கெட்டதுக்கு குட், நியூட்ரல், ஈவிலில் ஒன்று. நண்பர் தாளில் லாஃபுல் நியூட்ரல் என்று எழுதியிருக்கிறார். ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) கேயாட்டிக் ஈவில் என்கிறார். நான் லாஃபுல் ஈவில் கட்சி. கட்டுப்பாடு இருக்கிறது, தொழில் கொலை, வேறென்ன வேண்டும்?

கல்கோட்டை:
டிஎம் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதிக்கெல்லாம் லாஃபுல் பட்டம் கொடுத்தால் உலகத்தில் கேயாட்டிக் என்று ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். நண்பனைக் காட்டிக்கொடுக்காத கொள்ளைக்காரன், ஏழையிடம் கைவைக்காத திருடன், எல்லோருக்கும் ஒரு கோடு இருக்கத்தான் செய்யும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கேட்பதற்கு வெளியே ஒருவர் வேண்டும், கொலையாளிகள் சங்கமோ, கோயிலோ, அரசோ, யாரோ. நிழலி நாளைக்கே மனம் மாறினால் அவளை யார் கேட்பது? விதியும் அவள், நீதிபதியும் அவள். அது கேயாட்டிக்தான்.

பகடைப்பித்தன்:
புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஐந்தாம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் (ஆடுபவர்களுக்கான விதிநூல்) லாஃபுல் நியூட்ரலுக்குத் தரும் விளக்கத்திலேயே சட்டம், மரபு இரண்டோடு தனிப்பட்ட நெறியும் சேர்ந்து வருகிறது. நீங்கள் சொல்லும் சங்கம், கோயில் நிபந்தனை எங்கே இருக்கிறது? மூன்றாம் பதிப்பில் மங்க் (துறவிப் போராளி வகுப்பு) ஆக வேண்டுமென்றால் லாஃபுல் கட்டாயம். மலையுச்சியில் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்கிற மங்க்கை யார் வந்து கேட்கிறார்கள்?

கல்கோட்டை:
அதே மூன்றாம் பதிப்பில் பார்பேரியன் (வெறியோடு போரிடும் குலவீரன் வகுப்பு) லாஃபுலாக இருக்கவே முடியாது என்பதையும் சொல்லுங்கள். குலத்து வழக்கம், மூத்தோர் சொல், பழிக்குப் பழி முறை என்று கழுத்துவரை கட்டுப்பாட்டில் வளர்ந்தவன், ஆனால் சண்டையில் வெறி ஏறும் என்பதால் அவனுக்கு லாஃபுல் கிடையாது! வகுப்பு நிபந்தனைகளைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவை ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்கும்.

இருள்வாள்:
இன்னுமா இந்தப் பஞ்சாயத்து? இதே விதிகளை வைத்துச் செய்த கணினி விளையாட்டு பால்டர்ஸ் கேட் 3 வந்தது 2023-இல், பாத்திரத்துக்கு அலைன்மென்ட் கட்டமே கிடையாது, யாரும் அழவில்லை. இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் திருத்தப்பட்ட புத்தகங்களும் அதே ஆண்டு அதைத் தூக்கிப் போட்டுவிட்டன. உங்கள் ஐந்தாம் பதிப்பிலேயே பாலடினின் (புனித வீரன்) டிவைன் சென்ஸ் என்ற திறன் தேவவகை, பேய்வகை, உயிரற்ற பிணவகை இவற்றைத்தான் உணரும், கெட்ட மனிதனை அல்ல. டிடெக்ட் ஈவில் அண்ட் குட் மந்திரமும் அப்படித்தான், உயிரின வகையைத்தான் பார்க்கிறது. நிழலி மனிதப் பெண் என்றால் தாளில் என்ன எழுதினாலும் இந்த இரண்டிலும் சிக்கமாட்டாள். ஒன்றுக்கும் உதவாத LN, LE மாதிரி இரண்டு எழுத்துக்கு எதற்கு இவ்வளவு சண்டை?

பகடைப்பித்தன்:
உதவாதா? சண்டையே ஆட்டத்துக்குள்ளிருந்துதான் கிளம்பியது. எங்கள் குழுவின் வார்லாக் (ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெற்றவர்) வைத்திருக்கும் கூட்டாளி ஒரு ஸ்ப்ரைட், குட்டித் தேவதை. தொட்டால் எதிராளியின் அப்போதைய மனநிலை அதற்குத் தெரியும், கரிஸ்மா சேவிங் த்ரோவில் (தப்பிக்க உருட்டும் பகடை) எதிராளி 10 எடுக்கத் தவறினால் அலைன்மென்ட்டும் தெரியும். நிழலியைத் தொட்டது, அவள் தவறினாள். இப்போது ஸ்ப்ரைட் வாய் திறந்து ஏதாவது சொல்லியாக வேண்டும், 'தூக்கிப் போட்டாச்சு' என்று அது சொல்ல முடியாதே.

வேரடி:
கொஞ்சம் பழங்கதை. 1974-இல் வந்த முதல் விதிகளில் லா, நியூட்ராலிட்டி, கேயாஸ் என்று மூன்றுதான். மனிதர், எல்ஃப், ஆர்க் எல்லாம் எந்தப் பக்கம் நிற்கும் என்று அணி பிரித்த பட்டியல் அது. நல்லது, கெட்டது என்ற இரண்டாவது அச்சை, விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1976-இல் ஒரு கட்டுரையில் கொண்டுவந்தார், ஒன்பது கட்டமும் 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் வந்து உட்கார்ந்தன. அதாவது அணிக்காகப் போட்ட அளவுகோலின் மேல் ஒழுக்கத்துக்கான அளவுகோலை வைத்துத் தைத்திருக்கிறார்கள், தையல் இன்றுவரை பிரிந்துகொண்டே இருக்கிறது. கல்கோட்டை பழைய கேள்வியைக் கேட்கிறார்: இவள் யார் பக்கம்? பகடைப்பித்தன் புதிய கேள்வி: இவள் எப்படிப்பட்டவள்? இரண்டுக்கும் ஒரே பதில் கிடைக்காது.

1978-இல் அசாசின் (கூலிக்கொலையாளி) வகுப்பில் சேர ஈவிலாக இருந்தே ஆக வேண்டும், காசுக்குக் கொல்வது ஈவில் என்று கைகாக்ஸுக்குச் சந்தேகமே இல்லை. 2014 மான்ஸ்டர் மேனுவலில் (எதிரிகள், உயிரினங்களின் தொகுப்பு நூல்) அசாசினுக்கு 'குட் தவிர எதுவும்' என்று தளர்த்திவிட்டார்கள். அதனால் உங்கள் நண்பரின் நியூட்ரல் விதிப்படி செல்லும்.

நடுநிலை ஆந்தை:
விதிப்படி செல்லும், சரி. ஆனால் மற்ற பாத்திரங்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லையே. ஊர்த்தலைவர் பொற்காசு தருவதாகச் சொன்னதும் குகைக்குள் நுழைந்து அத்தனை கோப்ளினையும் வெட்டிவிட்டு வருகிற கூட்டம்தானே எல்லாக் குழுவும்? அவர்கள் தாளில் தைரியமாக 'குட்' இருக்கும். நிழலி ஒரு ஆளைத்தான் கொல்கிறாள், இவர்கள் ஒரு குடியிருப்பையே காலி செய்கிறார்கள். இன்னொன்று, நியூட்ரல் என்றால் அப்பாவி என்று நினைக்காதீர்கள். 1989-இன் இரண்டாம் பதிப்பில் ட்ரூ நியூட்ரல் (இரண்டு அச்சிலும் நியூட்ரல்) ட்ரூயிட் (இயற்கையை வழிபடும் பூசாரி) ஒருவர் நால் என்ற கழுதைப்புலித் தலை கொண்ட இனத்தின் கூட்டத்தை அடக்க ஊர்ப்படையோடு சேர்ந்து போரிடுவார், நால்கள் அழியப்போகிறது என்றதும் சமநிலைக்காகக் கட்சி மாறிவிடுவார் என்று உதாரணமே கொடுத்திருந்தார்கள். அந்த ஆளோடு ஒப்பிட்டால் நிழலியை நம்பி இரவில் தூங்கலாம்.

என் முறை ஒன்றுதான்: தாளில் எழுதியதைப் பார்க்காதே, செய்ததைப் பார். 1999-இன் பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் கணினி விளையாட்டில் நாயகன் ட்ரூ நியூட்ரலாகத் தொடங்கி, பேசுவதும் செய்வதும் சேரச்சேர அலைன்மென்ட் நகரும். அதனால் பகடைப்பித்தனிடம் ஒரு கேள்வி. அவளுடைய நெறி அவளுக்கே இடைஞ்சலாக வந்த இடம் ஏதாவது உண்டா?

பகடைப்பித்தன்:
உண்டு. காசை வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கொல்ல வேண்டிய ஆள் கொள்ளைநோய் பரவிய ஊரில் மிச்சமிருந்த ஒரே மருத்துவச்சி. நிழலிக்கும் அது பிடிக்கவில்லை, காசைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தாள், கொடுத்தவன் வாங்கவில்லை. முடித்துவிட்டாள். ஊரில் அதற்குப் பிறகு நிறையப் பேர் செத்தார்கள்.

நடுநிலை ஆந்தை:
அப்படியென்றால் எனக்குச் சந்தேகம் இல்லை. கேயாட்டிக் ஆள் அந்த இடத்தில் 'போடா' என்று காசை விட்டெறிந்துவிட்டுப் போயிருப்பான். விருப்பத்துக்கு எதிராகச் சொல்லைக் காப்பாற்றியதால் லாஃபுல். ஒரு ஊரை விலையாகக் கொடுத்துக் காப்பாற்றியதால் ஈவில். ஸ்ப்ரைட் அதையே சொல்லட்டும்.

இருள்வாள்:
பாருங்கள், இரண்டு எழுத்தைவிட மருத்துவச்சி கதையில்தான் ஆளே தெரிகிறாள். நான் சொன்னதைத்தான் நிரூபித்திருக்கிறீர்கள்.

கல்கோட்டை:
ஆந்தை, ஈவில் பற்றி எனக்கும் மறுப்பில்லை. லாஃபுல்தான் இன்னும் இறங்கவில்லை. சொல்லை மீறியிருந்தால் அவளுக்கு என்ன நடந்திருக்கும்? ஒன்றுமில்லை, தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் பெருமை கொஞ்சம் கெட்டிருக்கும். அந்தப் பெருமைக்காகத்தான் ஒரு ஊரைக் கொடுத்திருக்கிறாள். தன் பெருமையைத் தவிர எதற்கும் கட்டுப்படாதவளுக்கு நியூட்ரல் ஈவில் போடுங்கள், டிஎம்மிடமும் பேசிப் பாருங்கள்.

பகடைப்பித்தன்:
ஆக இப்போது நான்கு பதில். டிஎம்முக்கு இந்த விவாதத்தை அப்படியே அனுப்புகிறேன். நண்பருக்கு அனுப்பப் போவதில்லை, அவர் ஏற்கெனவே ஸ்ப்ரைட்டைக் கொல்ல யாராவது காசு தருவார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.