ஆம்புலன்ஸ் கேபினுக்குள் நோயாளி பக்கக் காற்று வராமல் தடுப்பது எப்படி?

சக்கரம்:
வணக்கம். வேன் வகை ஆம்புலன்ஸ். கேபினுக்கும் பின்பகுதிக்கும் நடுவே தடுப்பு இருக்கு, அதுல தள்ளித் திறக்கிற சின்னக் கண்ணாடி ஜன்னல். முழுசா மூடாம விரல் நுழையற அளவு சந்து நிக்குது. கோவிட் சந்தேகக் கேஸ் ஏத்தும்போது ஏசி போடலாமா? பைலட் (ஓட்டுறவர்) முழு பிபிஇ கிட்டோடயே (கவுன், கையுறை, மாஸ்க் மாதிரி பாதுகாப்பு உடை) ஓட்டணும்னு சிலர், வேண்டாம்னு சிலர். வண்டியை சுத்தம் பண்ண ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட், கிருமிநாசினி) ஸ்ப்ரேயர்ல அடிச்சா போதுமா?

ஒர்க்‌ஷாப் மணி:
ஏசி போடலாம். ஆனா கேபின் புளோயர் வெளிக்காற்று நிலையில, முழு வேகத்துல ஓடணும். உள்காற்றையே சுத்த விடுற பட்டனை அணைச்சிடுங்க. பின்னால எக்ஸாஸ்ட் ஃபேன் அதிகபட்ச வேகத்துல. அப்போ கேபின்ல அழுத்தம் கூடவும் பின்பகுதியில குறைவாவும் இருக்கும், சந்து இருந்தாலும் காற்று முன்னாலிருந்து பின்னாலதான் போகும். பின்பக்க ஏசி பெரும்பாலும் அதே காற்றைத்தான் குளிர்வித்துத் திருப்பி விடுது, அதை வென்டிலேஷன் கணக்குல சேர்க்காதீங்க.

நிறைய பேர் தப்பு பண்றது ஒண்ணு: காற்றோட்டத்துக்குன்னு கேபின் ஜன்னலை மட்டும் இறக்கிடுவாங்க. ஓடுற வண்டியில முன் ஜன்னல் வெளிப்பக்கம் அழுத்தம் குறையும். பின்பகுதிக் காற்று அந்தச் சந்து வழியா உங்க முகத்துக்கு நேரா இழுபடலாம்.

சோதிக்க காசு வேண்டாம். ஆள் இல்லாத வண்டியில டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழிச்சு சந்துல ஒட்டுங்க. நிறுத்தியும் பாருங்க, ஓட்டியும் பாருங்க (பார்க்கிறது பக்கத்து சீட்டு ஆள், ஓட்டுறவர் இல்ல). தாள் நுனி பின்பக்கமா சாயணும். கேபின் பக்கம் சாஞ்சா எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழட்டிப் பாருங்க. ரெக்கையில பஞ்சும் தூசியும் அடைச்சிருக்கும், இல்லேன்னா வயரை மாத்திக் கொடுத்து ஃபேன் தலைகீழா சுத்தும். சந்தை ரப்பர் பீடிங் வெச்சு அடைச்சிடுங்க, ஃபேன் சரியா இருந்தாலும்.

இஎம்டி தெற்கு:
பிபிஇ சண்டைக்கு: ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரி. பைலட் ஸ்ட்ரெச்சர் தூக்கணும்னா கவுன், கையுறை, கண் கவசம், என்95 எல்லாம் போட்டே தூக்கணும். நோயாளியை ஏத்திக் கதவை மூடினதும், கேபின்ல ஏறுறதுக்கு முன்னாடி என்95 தவிர மத்ததைக் கழட்டிடணும். அதே கையுறையோட ஸ்டீயரிங், கியர், வயர்லெஸ் மைக்கைத் தொட்டா கேபினும் பின்பகுதி மாதிரியே அசுத்தமாயிடும். கண் கவசம் பனி மூடினா விபத்து வேற.

கழட்டும்போதுதான் கிருமி அதிகமா ஒட்டும். முதல்ல கையுறை, அப்புறம் கவுனை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி சுருட்டி, கைக்கு சானிடைசர். அடுத்து கண் கவசம். இறங்குற இடத்துல மாஸ்க்கையும் மாத்துறதா இருந்தா கடைசியா மாஸ்க், அதுவும் பட்டையைப் பிடிச்சு மட்டும், முன்பக்கம் தொடாம. மறுபடி கை. தாடி இருந்தா என்95 முகத்தோட ஒட்டாது. வால்வு வெச்ச மாஸ்க் நீங்க விடுற மூச்சை வடிகட்டாது, நோயாளிக்குப் பாதுகாப்பில்ல.

கழட்டினதைப் போட, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 ஜூலை வழிகாட்டுதல்படி கண் கவசம், ஃபேஸ் ஷீல்டு, நைட்ரைல் கையுறை, பிளாஸ்டிக் கவர்ஆல் சிவப்புப் பையில; மாஸ்க், தலைக்கவர், ஷூ கவர், பிளாஸ்டிக் இல்லாத கவுன் மஞ்சள் பையில.

பின்னால இருக்கிற இஎம்டிக்கு (அவசர மருத்துவ உதவியாளர்): ஆம்பு பேக் (கையால அழுத்தி மூச்சு கொடுக்கிற பை) பிடிக்கணும்னா பேக்குக்கும் மாஸ்க்குக்கும் நடுவே வைரஸ் ஃபில்டர் மாட்டுங்க. மாஸ்க்கை ரெண்டு கையால அழுத்திப் பிடிங்க, பேக்கை இன்னொருத்தர் அழுத்தட்டும். பேக் திடீர்னு கடினமானா காற்றுப்பாதையோட ஃபில்டரையும் பாருங்க, சளி ஏறி அடைச்சிருக்கலாம். நெபுலைசர் தேவைப்படுற இடத்துல, முடிஞ்சா ஸ்பேசரோட (இன்ஹேலர் முனையில மாட்டுற குழாய்) இன்ஹேலர். மூக்குக் குழாய் வழியா ஆக்சிஜன் வெச்சா அதுக்கு மேல நோயாளிக்கு சர்ஜிக்கல் மாஸ்க்.

சக்கரம்:
நன்றி. இஎம்டி தனியா இருக்கும்போது ரெண்டு கை போதாதே?

இஎம்டி தெற்கு:
போதாது. ஏத்துறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். இன்னொரு ஆளுக்கு கன்ட்ரோல் ரூம்ல கேளுங்க. உறவினரை கவசம் இல்லாம பேக் அழுத்தச் சொல்லாதீங்க.

ஸ்டோர் கணக்கு:
ஸ்ப்ரேயர் வேண்டாம். தெளிச்சா துளி படாத இடம் மிஞ்சும், மூச்சுலயும் ஏறும். துணியால துடைங்க. 10% ஹைப்போ திரவம் 100 மி.லி. + தண்ணி 900 மி.லி. = 1%. 5% பாட்டில்னா 1 பங்குக்கு 4 பங்கு தண்ணி. லேபிளைப் பார்க்காம "ஒரு மூடி" கணக்கு போடாதீங்க. அன்னன்னிக்குக் கலக்குங்க, வெயில்ல வெச்சா வீரியம் போயிடும். ரத்தம், வாந்தியை முதல்ல எடுத்துடணும், அழுக்கு குளோரினைத் தின்னுடும். 10 நிமிஷம் ஈரமா இருக்கட்டும், அப்புறம் வெறும் தண்ணித் துணி, இல்லேன்னா ஸ்ட்ரெச்சர் ரெயில் துருப்பிடிக்கும். பாத்ரூம் ஆசிட்டோட கலந்தா குளோரின் வாயு வரும்.

மானிட்டர், எஸ்பிஓ2 கிளிப் (விரல்ல மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிறது), செல்போனுக்கு 70% ஆல்கஹால். அதுக்கு முன்னாடி ஆக்சிஜன் வால்வை மூடி, பின்கதவைத் திறந்து வைங்க, தீ ஆபத்து. விட்டுப்போறது எப்பவும் ஸ்ட்ரெச்சர் பெல்ட்டும் பிபி கஃப்பும்தான். துணி பெல்ட்டைத் துடைச்சா போதாது, மாத்து ஜோடி ஒண்ணு வெச்சுக்கிட்டு துவைக்கப் போடுங்க.