ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் தம்பி பெயர்

பெரம்பூர் அக்கா கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதை வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை. ஆயரிடம் போகவும் தயக்கமாக இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வருகிற ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அதே வாரம் அம்மாவுக்கு 78 முடிகிறது. வழக்கம்போல, கர்த்தருக்கு நன்றியாகக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரை அம்மாவே எழுதினார். கை நடுங்கும், ஆனாலும் பேனாவை வேறு யாரிடமும் தர மாட்டார். வாங்கிப் பார்த்தால் முதலில் தம்பி பெயர், அவன் மனைவி, பிள்ளைகள். அதற்குக் கீழே நான், என் வீட்டுக்காரர், மகள். பக்கத்தில் 'குடும்பமாக' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார். நானும் தம்பியும் பேசி ஆறு வருடம் ஆகிறது. கவர் மூன்று நாளாக பீரோ மேலேயே கிடக்கிறது.

நடந்தது இதுதான். அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வந்த பணத்தைப் போட்டு முடிச்சூரில் ஒரு சின்ன வீடு கட்டினார். 2017இல் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உயில் எதுவும் எழுதவில்லை. அடுத்த வருடம் தம்பி வந்து, "ஈபி, வீட்டு வரியெல்லாம் பேர் மாத்தணும் அக்கா, ஒரு கையெழுத்துதான்" என்றான். பதிவு ஆபீசுக்குப் போனோம், அம்மாவும் வந்தார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. தம்பிதானே. அது என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பது எனக்கு 2019இல்தான் தெரிந்தது. வீட்டை விற்றுவிட்டான் என்று பக்கத்து வீட்டு அம்மா போன் பண்ணிச் சொன்னார். மகளுக்கு காலேஜ் பீஸ் கட்ட நான் வளையலை அடகு வைத்த வருடம் அது.

இது மட்டும் என்றால் எனக்கு இவ்வளவு குழப்பம் இருக்காது. 2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முடிச்சூரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், தெருவில் அதற்கு மேல். போன் கிடையாது, கரண்ட் கிடையாது. பெரம்பூரில் உட்கார்ந்து நான் அழுதுகொண்டு மட்டும்தான் இருந்தேன். தம்பிதான் தாம்பரத்திலிருந்து நடந்தே போய்ச் சேர்ந்தான். அம்மாவை மாடிவீட்டுக்காரர்களிடம் விட்டுவிட்டு, அப்பாவை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அப்பாவின் இன்சுலினை ஒரு பாலித்தீன் கவரில் சுற்றி, இரண்டு கையும் அப்பாவைப் பிடித்திருந்ததால், அந்தக் கவரை வாயில் கவ்விக்கொண்டே வந்தானாம். அப்பா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லி அழுவார்.

வருடா வருடம் டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரி ஆராதனையில் அந்த நாளுக்காக நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன். தம்பி பெயர் மட்டும் வாயில் வருவதில்லை. குடும்ப ஜெபத்தில் "எங்களுக்கு விரோதமாகக் குற்றஞ்செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும்போது நான் இருமுவதுபோல் நிறுத்திக்கொள்கிறேன். மகள் கவனித்துவிட்டாள்.

கவரை அப்படியே தட்டில் போட்டால் எல்லார் பெயரையும் சேர்த்து வாசிப்பார்கள். இல்லாத ஒற்றுமையைக் கர்த்தர் சமுகத்தில் இருப்பதாகக் காட்டுவது பொய் இல்லையா? பெயரை எடுத்துவிட்டால் அம்மா உடைந்துபோவார். நான் என்ன செய்வது?

தாம்பரம் பத்திர எழுத்தர் எழுதியது:

அம்மா, முதலில் சட்ட விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மனதில் பாதி அங்கேதான் மாட்டியிருக்கும். நம் கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். அப்பா உயில் எழுதாமல் போனால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியில் மகன், மகள் இருவருக்கும் சமம். ஆக உங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. உங்கள் மனக்குறை கற்பனை இல்லை. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது தாண்டிவிட்டது. எதற்கும் ஒரு வக்கீலிடம் பத்திர நகலைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. என் மேசைக்கு முன்னால் எத்தனையோ அக்கா, தங்கைகள் "போகட்டும், தம்பிதானே" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் பாதிப்பேர் முகத்தில் இருந்தது மன்னிப்பு இல்லை, சண்டை போடக் கூச்சம். அந்தக் கூச்சம் பத்து வருடம் கழித்து வேறு எங்காவது வெடிக்கும். உங்கள் பங்கு உங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்று தம்பியிடம் ஒரு தடவையாவது நேராகச் சொன்னீர்களா? சொல்லாமலே மன்னிக்கப் பார்ப்பது கஷ்டம்.

அயனாவரத்து அண்ணன் எழுதியது:

தங்கச்சி, நான் முப்பது வருடம் அச்சகத்தில் ப்ரூப் பார்த்தவன். ஒரு வரியை நாலு தடவை படிப்பது எனக்குப் பழக்கம். அப்படிப் படித்ததில் என்னைப் பிடித்துக்கொண்ட ஒரு வரியைச் சொல்கிறேன்.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வருகிறவனைப் பற்றி இயேசு சொல்கிறார் அல்லவா? அங்கே, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. உனக்கு அவன்பேரில் குறை இருந்தால் என்று இல்லை. பல வருடம் நான் இதை மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் என் அண்ணனுக்கும் எட்டு வருடம் பேச்சில்லை. என் மூத்த மகள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. பெரியப்பா நிற்க வேண்டிய இடத்தில் மாமனார் வழியில் ஒருவர் நின்றார். அந்த போட்டோவை ஆல்பத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரு திருவிருந்து ஞாயிறன்று இந்த வசனத்தை வாசித்தார்கள். அண்ணனுக்கு என்மேல் என்ன குறை இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன். கல்யாணப் பத்திரிகையை நான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று கூரியரில் அனுப்பினேன். அப்பா இல்லாத வீட்டில் அப்பா ஸ்தானத்தில் இருந்தவருக்குக் கூரியர். அதற்கு முன்னால் எட்டு வருடமாக இது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் வீடு அடையாறில். பெரம்பூரிலிருந்து 29சி ஏறினேன். முதல் தடவை லஸ் கார்னரில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த மாதம், ஆராதனை முடிந்த கையோடு, ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். கையில் கறி இருந்ததால் நடுவில் இறங்க முடியவில்லை, கெட்டுப்போகுமே. மதினிதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு, "குழம்பா, வறுவலா?" என்றார். அவ்வளவுதான். அண்ணன் சாப்பிட உட்காரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடும்போது, கூரியரில் அனுப்பியது தப்பு அண்ணே என்றேன். அவர் எலும்பில் இருந்த மஜ்ஜையைத் தட்டி என் தட்டில் போட்டார். சின்ன வயதில் அப்படித்தான் செய்வார்.

எங்கள் கதையில் பணம் இல்லை, உங்கள் கதையில் இருக்கிறது, அதனால் உங்கள் பாரம் பெரியது. அதை லேசாகப் பேச மாட்டேன். மத்தேயு 18இல் அந்த ஊழியக்காரனுக்கு வர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. இன்றைக்கு நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்தாலும் 80,000 ரூபாய். சின்னத் தொகையா அது? அவன் ராஜாவுக்குத் தர வேண்டியிருந்ததோ பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 நாள் கூலி என்பார்கள், ஆக மொத்தம் ஆறு கோடி நாள் கூலி. இயேசு அந்த நூறை இல்லை என்று சொல்லவே இல்லை. ஆறு கோடி தள்ளுபடியானவன் வெளியே வந்து நூறுக்காகத் தொண்டையைப் பிடித்தான் என்பதுதான் அங்கே வழக்கு. உங்கள் வீட்டுப் பங்கும் அப்படி நிஜமான கடன்தான். மத்தேயு 6இல் பரமண்டல ஜெபமும் "எங்கள் கடனாளிகளுக்கு" என்றுதானே போகிறது.

இப்போது என் கேள்வி. வெள்ளத்துக்காக 31ஆம் தேதி கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறீர்கள், நல்லது. தம்பியிடம் சொன்னீர்களா? இயேசுவால் குஷ்டம் நீங்கின பத்துப் பேரில் ஒருவன்தான் திரும்பி வந்தான், தனக்கு நன்மை செய்தவரின் காலடியில் வந்து சொன்னான். இன்சுலினை வாயில் கவ்விக்கொண்டு வந்தவனும் கையெழுத்து வாங்கினவனும் ஒரே ஆள்தான். இரண்டாவது விஷயத்தைப் பத்திர எழுத்தர் ஐயா சொன்னதுபோல நேராகக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் முதல் விஷயம் பத்து வருடமாகச் சொல்லப்படாமல் கிடக்கிறது. எனக்கென்னவோ அதிலிருந்து தொடங்கினால் தொண்டை அடைக்காது என்று படுகிறது. கவரைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் அம்மா எழுதியது பொய் இல்லை, அது ஒரு தாயின் விண்ணப்பம்.

ராயபுரத்துத் தங்கை எழுதியது:

நான் கத்தோலிக்கம். எங்கள் ஜெபத்தில் "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்று வரும். அக்கா, அந்த 'பொறுப்பது' என்ற வார்த்தையில்தான் நான் பல நாள் தொங்கிக்கொண்டிருந்தேன்.

என் அக்காவை அவள் வீட்டுக்காரர் அடிப்பார். கோயிலில் சில பெரியவர்களே "பொறுத்துக்கோம்மா, மன்னிச்சிட்டுப் போய்ச் சேர்ந்து இரு" என்றார்கள். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு வயதான பங்குத்தந்தைதான் அவளிடம் தெளிவாகச் சொன்னார்: மன்னிப்பது நீ செய்ய வேண்டியது, திரும்பிச் சேர்வதற்கு அந்த மனிதன் மாற வேண்டும், இரண்டையும் குழப்பாதே. அவள் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவர் இறந்த பிறகு வருடா வருடம் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று காசிமேடு கல்லறைக்குப் போகிறாள். புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி வைத்துவிட்டு வருவாள். அவர் குடிக்காத நாட்களில் பிள்ளைகளுக்கு மீன் முள் எடுத்து ஊட்டுவாராம், அதற்கு நன்றி சொல்வேன் என்கிறாள். அடி வாங்கியதை அவள் ஒருநாளும் மறைத்துப் பேசியதில்லை.

யோசேப்பையும் பாருங்கள். தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மார் வந்த உடனே "நான்தான் யோசேப்பு" என்று கட்டிப்பிடிக்கவில்லை. தம்பி பென்யமீனுக்குப் பதிலாக அண்ணன் யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வருவதைப் பார்த்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். உங்கள் தம்பி மாறியிருக்கிறானா என்று பார்க்க உங்களுக்கும் நேரம் எடுத்துக்கொள்ள உரிமை இருக்கிறது. அதுவரை அவனிடம் வேறு பத்திரம் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பெரம்பூர் அக்கா மறுபடி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. அண்ணன் எழுதியதை வெள்ளி ராத்திரி நாலைந்து தடவை படித்தேன். தம்பிக்கு என்மேல் என்ன குறை என்று யோசித்தால், ஒன்று இருந்தது. அப்பாவின் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் எல்லாம் அவன்தான் ஓடினான். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹார்லிக்ஸோடு போய் வந்தேன். செலவு எவ்வளவு ஆனது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. ஆனால் நான் கேட்காதது கேட்காததுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் அவனுக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அவனே திருப்பிக் கூப்பிட்டான். "அம்மாவுக்கு என்ன?" என்று பதறிக் கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். அப்புறம், அன்றைக்கு அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு உன்னிடம் நன்றியே சொன்னதில்லை, அதற்குத்தான் கூப்பிட்டேன் என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "அந்தக் கவர்ல டீசல் வாடை அக்கா, ரெண்டு நாள் வாயிலேயே இருந்துச்சு" என்றான். டயாலிசிஸ் செலவைக் கேட்டேன், இப்போ எதுக்கு அதெல்லாம் என்றான். வீட்டு விஷயமும் பேச வேண்டும், பண்டிகை முடிந்து ஒருநாள் நேரில் உட்காருவோம் என்று சொன்னேன். "ம்" என்றான். சரி என்று சொல்லவில்லை.

அம்மா காணிக்கையைப் பற்றியும் சொன்னேன். ஞாயிறு வர முடியாது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றான். கொஞ்ச நேரத்தில் ஜிபேயில் 500 ரூபாய் வந்தது, 'அம்மா ஸ்தோத்திரம்' என்று குறிப்போடு. கீழே வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பீரோ மேலிருந்து கவரை எடுத்துத் தரச் சொன்னார். 1,000 என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் மெதுவாக 1,500 என்று எழுதினார்.