இஞ்ச்ல இருந்து மில்லிமீட்டருக்கு மாறணும், எங்க இருந்து ஆரம்பிக்கறது?

ட்ராயிங்_டேபிள்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஒரு சின்ன டீம், மெஷின்களுக்கு ஃப்ரேம், பிராக்கெட், கவர் மாதிரி பாகங்கள் டிசைன் பண்ணி செஞ்சும் குடுக்கறோம். பழைய ட்ராயிங் எல்லாமே இஞ்ச்லதான் இருக்கு, ஆரம்பிச்சவங்க இஞ்ச்ல பழகினவங்க. இப்போ வர்ற ஆர்டர் மில்லிமீட்டர்ல வருது, வாங்கற ஷீட்டு, பேரிங், மோட்டார் எல்லாம் மில்லிமீட்டர், நடுவுல நாங்க மட்டும் கால்குலேட்டரைக் கையில வெச்சுக்கிட்டு 25.4-ஆல பெருக்கறதும் வகுக்கறதுமா இருக்கோம்.

போன மாசம் ஒரு பெரிய தப்பு நடந்துச்சு. ஒரே வரிசையில 21 ஓட்டை, ஒண்ணுக்கொண்ணு முக்கா இஞ்ச் தூரம். முக்கா இஞ்ச்னா 19.05, நான் ட்ராயிங்ல 19-னு போட்டுட்டேன், 0.05-ல என்ன ஆயிடப் போகுதுன்னு. இருபது இடைவெளில அது சேர்ந்து சரியா ஒரு மில்லிமீட்டர் ஆயிடுச்சு, கடைசி ஓட்டை ஜோடி பாகத்தோட சேரவே இல்ல, லாட்டு முழுக்க ஸ்கிராப். தப்பு என்னுது, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

அதனால முழுசா மாறிடலாம்னு இருக்கோம். பழைய ட்ராயிங் எல்லாத்தையும் மாத்தணுமா? ரெண்டு அளவையும் போட்டா பாதுகாப்பா? ஸ்டாக்ல இருக்கற இஞ்ச் போல்ட்டை என்ன பண்றது? இதைச் செஞ்சு முடிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பழைய_வெர்னியர்:

தம்பி, நான் ரெண்டு இடத்துல இந்த மாற்றத்தைக் கூட இருந்து பாத்திருக்கேன், ஒண்ணு நல்லா போச்சு, இன்னொண்ணு நாலு வருஷம் இழுத்துச்சு. வித்தியாசம் ஒரே விஷயத்துலதான். இழுத்த இடத்துல இஞ்ச்சை மில்லிமீட்டரா மொழிபெயர்த்தாங்க, நல்லா போன இடத்துல மில்லிமீட்டர்லயே யோசிச்சாங்க.

முக்கா இஞ்ச்சை 19.05-னு எழுதினா அது மெட்ரிக் இல்ல, வேஷம் மாத்தின இஞ்ச்தான். பழைய பாகத்தோட சேர்ந்தே ஆகணும்னா 19.05-ஐ அப்படியே போடு, ரவுண்டு பண்ணாதே, 1959-லயே ஒரு இஞ்ச்னா சரியா 25.4 மில்லிமீட்டர்னு ஒப்பந்தம் ஆயாச்சு, அதுல சின்ன மிச்சம்கூட கிடையாது, தப்பு வர்றது நாம ரவுண்டு பண்ற இடத்துலதான். புதுசா டிசைன் பண்ற பாகம்னா முக்கா இஞ்ச்சை மறந்துட்டு 20-னு வை. 20, 40, 60, 80-னு போய்க்கிட்டே இருக்கும், வரிசையும் சுலபம், தப்பு வந்தா கண்ணுல படும். 19.05, 38.1, 57.15-னு ஓடற லிஸ்ட்ல ஒரு நம்பர் தப்பா இருந்தா யாருக்குத் தெரியும்?

டாலரன்ஸ்ல, அதாவது அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்ங்கறதுல, இன்னும் ஜாக்கிரதையா இரு. தவ்ங்கறது இஞ்ச்ல ஆயிரத்துல ஒண்ணு, பிளஸ் மைனஸ் அஞ்சு தவ்னா 0.127 மில்லிமீட்டர். அதை 0.13-னு எழுதினா ஒரிஜினல் டிசைன் ஒத்துக்காத பாகத்தை இன்ஸ்பெக்‌ஷன் ஒத்துக்கும். உள்பக்கமா ரவுண்டு பண்ணி 0.12-னு போடு.

ரெண்டு அளவும் ஒரே ட்ராயிங்ல வேண்டவே வேண்டாம். பாதுகாப்புன்னு தோணும், ஆனா மெஷின்ல நிக்கறவர் எதைப் பாத்து வெட்டினார், இன்ஸ்பெக்‌ஷன்ல எதைப் பாத்து அளந்தாங்கன்னு அப்புறம் சண்டைதான் வரும். ஒரு ட்ராயிங்குக்கு ஒரு அலகு, மேல பெரிசா எழுதிடு.

இன்னொண்ணு, சென்டிமீட்டரை உள்ள விடாதே. ஆஸ்திரேலியாவுல 1970கள்ல கட்டடத் தொழில் முழுக்க மாறினப்போ மில்லிமீட்டர், மீட்டர் ரெண்டு மட்டும்தான்னு முடிவு பண்ணாங்க, அந்த மாற்றம் சீக்கிரம் முடிஞ்சதுக்கு அது ஒரு பெரிய காரணம். மில்லிமீட்டர்லயே இருந்தா பெரும்பாலும் புள்ளியே வராது, 2400-னா 2400. சென்டிமீட்டரையும் கலந்தா 24-ஆ 240-ஆன்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும்.

பழைய ட்ராயிங்ல கையே வைக்காதே. அந்தப் பாகத்துக்கு மறுபடி ஆர்டர் வந்து, அதுவும் ஏதாவது மாத்த வேண்டியிருந்தா மட்டும் அன்னிக்கு அதை மெட்ரிக்ல புதுசா வரை, நம்பரையும் புதுசா குடு. சும்மா இருக்கற ஐநூறு ட்ராயிங்கை உக்காந்து மாத்தினா அதுல அம்பது தப்பு புதுசா நுழையும்.

மரை_ஆளு:

போல்ட்டைப் பத்தி நான் சொல்றேன், இந்த மாற்றத்துல ஆளைக் காயப்படுத்தற இடம் அதுதான்.

எம்8 போல்ட்டையும் அஞ்சு பை பதினாறு இஞ்ச் போல்ட்டையும் கையில வெச்சா உங்களால வித்தியாசம் சொல்ல முடியாது. ஒண்ணு 8 மில்லிமீட்டர், இன்னொண்ணு 7.94. ஆனா மரை வேற, எம்8-ல ஒரு மரைக்கு 1.25 மில்லிமீட்டர், அஞ்சு பை பதினாறு கரடு மரைல இஞ்ச்சுக்கு 18, அதாவது 1.41. கையால ரெண்டு சுத்து போகும், அப்புறம் இறுகும், அடடா நல்லா டைட்டா இருக்கேன்னு ஸ்பேனரைப் போட்டு இழுத்தா மரை போச்சு.

அதைவிட மோசம் எம்5-உம் இஞ்ச் முறைல வர்ற நம்பர் பத்து நைஸ் மரையும். பத்தாம் நம்பர் ஸ்க்ரூ 4.83, இஞ்ச்சுக்கு 32 மரை, கணக்குப் போட்டா ஒரு மரை 0.794. எம்5-ல 0.8. கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால பத்தாம் நம்பர் ஸ்க்ரூ எம்5 ஓட்டைல கடைசி வரைக்கும் போயிடும், லூசா. மாட்டினவருக்குத் தெரியாது, மெஷின் ஓடி அதிர்ந்து ஒருநாள் கழண்டு விழும்போதுதான் தெரியும்.

அதனால ஸ்டாக்கைக் கலந்து வைக்காதீங்க. ஒரு தேதி வெச்சு இஞ்ச் போல்ட் மொத்தத்தையும் தனி அலமாரில பூட்டி, பழைய மெஷின் சர்வீசுக்கு மட்டும் எழுதி வாங்கற மாதிரி வையுங்க. மீதி இருக்கறதைத் தீத்துட்டு அப்புறம் மாறலாம்னு நினைக்கறது ரொம்ப ஆபத்து, தீரவே தீராது. ஒரே மெஷின்ல ரெண்டு வகை போல்ட் போனா சர்வீஸ் பண்றவர் 13 ஸ்பேனரை அரை இஞ்ச் தலைல போடுவார், தலை 12.7, மூலை உருண்டுடும். மரை கேஜ், அதாவது எந்த மரைன்னு வெச்சுப் பாக்கற கருவி, ஒரு செட் ஒவ்வொரு டேபிள்லயும் இருக்கட்டும்.

குழாய்_கணக்கு:

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா உற்சாகத்துல மாத்தக் கூடாத இஞ்ச்சையும் மாத்திடாதீங்க. சில இஞ்ச் அளவே இல்ல, வெறும் பேரு.

அரை இஞ்ச் பைப்னு சொல்றோமே, அதுல எங்க அளந்தாலும் 12.7 வராது, வெளி விட்டமே 21.3. மெட்ரிக் பேரு டிஎன் 15, அதுவும் பேருதான், சரியா 15-உம் கிடையாது. பைப் மரை உலகம் பூரா இன்னும் இஞ்ச் கணக்குதான், ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டே அதை அப்படியேதான் எடுத்துக்கிட்டு அளவை மட்டும் மில்லிமீட்டர்ல எழுதியிருக்கு. நீங்களா ஒரு மெட்ரிக் பைப் மரை தேடிப் போட்டா அப்புறம் வால்வு கிடைக்காது.

எலக்ட்ரானிக்ஸ்லயும் அப்படி. பின் தூரம் 2.54 இருந்தா அது இஞ்ச்ல பத்துல ஒண்ணு, அதை 2.5-னு போட்டா நாலு பின் வரைக்கும் ஒத்துப்போகும், நாப்பது பின் கனெக்டர்ல 1.5 மில்லிமீட்டருக்கு மேல தள்ளிப் போயிடும், உங்க 21 ஓட்டைக் கதையேதான். சின்ன சிப் ரெசிஸ்டருக்கு 0603-னு ஒரு சைஸ் பேரு இருக்கு, இஞ்ச் முறைல அது 1.6-க்கு 0.8 மில்லிமீட்டர், ஆனா மெட்ரிக் முறையிலயும் 0603-னு ஒண்ணு இருக்கு, அது 0.6-க்கு 0.3. ஒரே நம்பர், ரெண்டு பொருள். ஆர்டர் போடும்போது எந்த முறைன்னு எழுதலைன்னா கண்ணுக்கே தெரியாத தூசி மாதிரி ஒரு ரீல் வந்து நிக்கும்.

ட்ராயிங்_டேபிள்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பழைய ட்ராயிங்கைத் தொடாதேன்னு சொன்னது பெரிய நிம்மதி, நாங்க அதைத்தான் முதல் வேலையா வெச்சிருந்தோம். 21 ஓட்டைப் பாகத்துல ஜோடி பாகம் ஏற்கெனவே வெளில ஓடிக்கிட்டு இருக்கறதால 19.05-ஐ அப்படியே போட்டுடறேன்.

இன்னொரு சந்தேகம். எங்க சீனியர் ஒருத்தர் நாப்பது வருஷ அனுபவம், ஒரு தகட்டைத் தடவிப் பாத்தே மூணு நூல்னு (ஒரு நூல்னா இஞ்ச்ல எட்டுல ஒண்ணு) சொல்லிடுவார், அளந்தா சரியா இருக்கும். அவர்கிட்ட போய் இனிமே மில்லிமீட்டர்னு சொல்ல எனக்கு மனசு வரல, அவர் கையில இருக்கற அந்த அறிவை வீணாக்கற மாதிரி இருக்கு. இதை எப்படிக் கையாண்டீங்க?

பழைய_வெர்னியர்:

அந்த அறிவு எங்கயும் போகாது தம்பி. அவர் விரலுக்குத் தெரிஞ்சது தகட்டோட கனம், நூலுங்கறது அதுக்கு அவர் வெச்ச பேரு. எங்க இடத்துல கன்வர்ஷன் சார்ட் எல்லாத்தையும் சுவத்துல இருந்து கழட்டிட்டோம், டேப்பும் ஸ்கேலும் இஞ்ச் இல்லாததா புதுசா வாங்கிக் குடுத்தோம். அதுக்குப் பதிலா 1, 3, 6, 10, 25 மில்லிமீட்டர் கனத்துல துண்டு வெட்டி, மேல அளவைப் பொறிச்சு டேபிள்ல வெச்சோம். வந்து போறவங்க எல்லாம் எடுத்து உருட்டிப் பாப்பாங்க. பெரியவங்கதான் முதல்ல பழகினாங்க, ஏன்னா அவங்க கைக்குத்தான் வித்தியாசம் பிடிபடும். சார்ட் இருக்கற வரைக்கும் யாரும் பழக மாட்டாங்க, மனசுக்குள்ள பெருக்கிக்கிட்டேதான் இருப்பாங்க. அவரையே கூப்பிட்டு அந்தத் துண்டுகளைச் செய்யச் சொல்லு.

எடை_பார்ப்பவர்:

நீளத்தைப் பத்தியே பேசறீங்க, எடையையும் அழுத்தத்தையும் விட்டுடாதீங்க. 1983-ல கனடாவுல ஒரு போயிங் 767 நடுவானத்துல எரிபொருள் தீந்துபோய் கிம்லிங்கற இடத்துல மிதந்து வந்து இறங்குச்சு. தேவை 22,300 கிலோ, கேஜ் வேலை செய்யல, தொட்டில இருக்கற லிட்டரைக் குச்சி விட்டு அளந்து எடையா மாத்தினாங்க, மாத்தும்போது 0.8-க்குப் பதிலா 1.77-ஆல பெருக்கிட்டாங்க, அது பவுண்டுக்கான நம்பர். பாதி எரிபொருள்கூட இல்லாம கிளம்பிடுச்சு, 69 பேரும் பிழைச்சது பைலட்டோட திறமை. செவ்வாய்க்கு அனுப்பின கிளைமேட் ஆர்பிட்டர்ங்கற விண்கலம் 1999-ல தொலைஞ்சதும் இதே மாதிரிதான், ஒரு சாஃப்ட்வேர் பவுண்டு விசைல எண்ணைக் குடுக்க, இன்னொண்ணு அதை நியூட்டன்னு எடுத்துக்கிச்சு, 4.45 மடங்கு வித்தியாசம்.

நான் எதுக்குச் சொல்றேன்னா, ரெண்டு இடத்துலயும் நம்பர் மட்டும் போச்சு, அலகு கூடப் போகல, போயிருந்தாலும் யாரும் பாக்கல. உங்க எக்ஸெல்ல ஒவ்வொரு காலத்துக்கும் தலைப்புலயே அலகை எழுதுங்க. வெறும் டன்னுன்னு எழுதாதீங்க, 1000 கிலோ டன் இருக்கு, 907 கிலோ டன் இருக்கு, 1016-உம் இருக்கு. டார்க் ரென்ச்ல (போல்ட்டை எவ்வளவு இறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) நியூட்டன் மீட்டர் மட்டும் இருக்கட்டும், பழைய கிலோகிராம்-விசை மீட்டர் கணக்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம், எம்8 போல்ட்ல அதை மாத்திப் போட்டா உடைஞ்சே போகும். பிரஷருக்கு பார் இல்லன்னா கிலோ பாஸ்கல், ஏதாவது ஒண்ணு, "ரெண்டு கிலோ பிரஷர்"ங்கற பேச்சை எழுத்துல கொண்டு வராதீங்க.

ஒரு இடத்துல மட்டும் பழைய_வெர்னியர் அண்ணன்கிட்ட இருந்து மாறுபடறேன். ட்ராயிங்ல ஒரே அலகு சரிதான், ஆனா வாங்கறவருக்குப் போற மேனுவல்ல ரெண்டும் இருக்கட்டும், இஞ்ச்ல பழகின ஆளும் அதைப் படிப்பார், அவர் தானா கணக்குப் போட்டுத் தப்பு பண்றதைவிட நாம சரியாப் போட்டுக் குடுக்கறது மேல்.

பழைய_வெர்னியர்:

மேனுவலுக்கு ஒத்துக்கறேன். ஆனா மில்லிமீட்டர் முதல்ல வரணும்.

ட்ராயிங்_டேபிள்:

இன்னிக்கு சீனியர்கிட்ட பேசிட்டேன், துண்டுகளை அவரே மில்லிங்ல போட்டுச் செய்யறேன்னு சொல்லிட்டார், 2-உம் 4-உம்கூட வேணும்னு அவரே சேத்துக்கிட்டார். இஞ்ச் போல்ட்டுக்குத் தனி அலமாரி ரெடி, பூட்டு நாளைக்கு வருது. மரை கேஜ் ரெண்டு செட் ஆர்டர் போட்டாச்சு. ஒண்ணாம் தேதில இருந்து வர்ற புது ட்ராயிங் எல்லாம் மில்லிமீட்டர்தான், முதல் பாகம் முடிஞ்சதும் வந்து எழுதறேன்.