மூன்று மாதம் நடக்கத்தான் கற்றுக்கொண்டேன்

கராத்தே பழக ஆரம்பித்த அனுபவம் என்றாலே முதல் நாளே மூக்கு உடைந்த கதைகளாக எல்லாரும் சொல்கிறீர்கள். என்னுடையது கால் பெருவிரல் கதை. ஜப்பானில், ஒகினாவா தீவின் நாஹா நகரத்தில் வேலை பார்த்த சமயம், வீட்டுக்குப் பக்கத்திலேயே கோஜு-ரியூ என்ற கராத்தே பாணியைச் சொல்லித்தரும் ஒரு டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், சேர்ந்தேன். பதினைந்து பேர் நின்றால் கை இடிக்கும், அவ்வளவு சின்ன இடம். கல்லூரியில் ஷோட்டோகான் என்ற வேறொரு கராத்தே பாணி பழகி மஞ்சள் பெல்ட் வாங்கியவன் என்ற தெம்பு வேறு.

அந்தத் தெம்பு பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. நிற்கச் சொன்னதும் பழக்கதோஷத்தில் காலை நீட்டி, தாழ்ந்து நின்றேன். எழுபதைத் தாண்டிய சென்செய் (ஆசிரியர்) ஒன்றும் பேசாமல் என் பின்னங்காலை முன்னால் நகர்த்தி வைத்தார். அதுதான் சான்சின் நிலை. முன்கால் குதிகாலும் பின்கால் பெருவிரலும் ஒரே கோட்டில், நடுவே தோள் அகலம், முன்பாதம் கொஞ்சம் உள்ளே திரும்பி, முட்டி லேசாக மடங்கி. அவசரமாக பாத்ரூம் தேடுகிறவன் மாதிரி இருக்கும். அடியெடுத்து வைத்தால் பாதம் தரையை உரசியபடி உள்ளே வந்து, அரைவட்டமாக வெளியே போக வேண்டும். மூன்று மாதம் இதையேதான் நடந்தேன். பெருவிரலுக்கு அடியில் தோல் இரண்டு தடவை உரிந்தது.

நடக்கும்போது பின்னாலிருந்து இரண்டு தோளிலும் பளாரென்று ஒரு அடி விழும். ஷிமே என்பார்கள், உடம்பு சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. பெரிதாக வலிக்காது. அடி வரப்போகிறதென்று நான் தோளைத் தூக்கிக்கொள்வேன் பாருங்கள், தப்பு அங்கேதான். சென்செய் என் அக்குளுக்குக் கீழே விரலால் குத்திக் காட்டுவார்: பலம் இங்கே இருக்கணும்.

அது எனக்குப் புரிந்தது ஜாடியால். நிகிரி-காமே என்று இரண்டு மண்ஜாடிகள். வாய் விளிம்பை விரல்களால் கவ்வித் தூக்கிக்கொண்டு அதே சான்சின் நடை நடக்க வேண்டும். மற்றவர்கள் ஜாடியில் மணல் இருக்கும், எனக்குக் காலி ஜாடி. ஏழாவது அடியில் இடது ஜாடி நழுவி நேராகப் பெருவிரலில் இறங்கியது. சென்செய் ஓடிவந்து முதலில் பார்த்தது ஜாடியைத்தான்! விரிசல் இல்லை என்று உறுதியான பிறகு சொன்னார்: "நீ தோளால் தூக்கினாய். அதான் விழுந்தது."

அப்புறம்தான் கட்டாவே, அதாவது குத்தும் தடுப்புமாக வரிசைப்படி செய்கிற அசைவுகள். என் முதல் கட்டா கெகிசாய் டாய் இச்சி, கோஜு-ரியூவைத் தோற்றுவித்த மியாகி சோஜுன் 1940-இல் ஆரம்ப நிலைக்காரர்களுக்காக அமைத்தது. என் பக்கத்தில் பச்சை பெல்ட் கட்டிய ஒரு பொடியன், எட்டு வயதிருக்கும். நான் ஒரு கையால் குத்தும்போது, இழுத்து விலாவோடு நிறுத்த வேண்டிய மறு கை வயிற்றுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. "ஓஜிசான் (மாமா), முழங்கை" என்று சொல்லி, தானே பிடித்து உள்ளே தள்ளிவிட்டான்.

"ஹாய்" (சரி) என்று திருத்திக்கொண்டேன். சென்செய் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் சிரிப்பது முதுகிலேயே தெரிந்தது.